உயில் எழுதாத அப்பா, டெக்சாஸில் எண்ணெய் உரிமை: எங்கிருந்து தொடங்குவது?

கலிபோர்னியாவில் அப்பா உயில் எழுதாமலே காலமாகிவிட்டார். பெட்டியைக் கிளறினால் டெக்சாஸ் எண்ணெய்க் கம்பெனி ஒன்று எப்போதோ அனுப்பிய ராயல்டி (எடுத்த எண்ணெய்க்கு உரிமையாளருக்கு வரும் பங்குப் பணம்) செக்கின் துண்டுச் சீட்டு. அமெரிக்காவில் மேல்நிலம் ஒருவருக்கும் அடியில் இருக்கும் எண்ணெய் இன்னொருவருக்கும் சொந்தமாக இருக்கலாம், அதனால் அந்தச் சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள்: கனிம உரிமை, அதாவது நிலத்துக்கு அடியில் இருக்கும் எண்ணெய் மீதான உரிமை, அசையாச் சொத்து. இறந்தவர் எங்கே வாழ்ந்திருந்தாலும் நிலம் இருக்கும் மாநிலத்தின் வாரிசுச் சட்டம்தான் பேசும்.

முதலில் சீட்டில் உள்ள கவுன்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) பெயரையும் கிணற்றின் பெயரையும் குறித்துக்கொண்டு, பத்திரங்களைப் பதிந்து வைக்கும் அந்தக் கவுன்டி கிளார்க் அலுவலகத்தில் பத்திரத்தைத் தேடுங்கள். கிணறு ஓடுகிறதா என்பதை டெக்சாஸ் ரெயில்ரோடு கமிஷன் தளத்தில் பார்க்கலாம் (பெயர்தான் ரயில், வேலையெல்லாம் எண்ணெய்).

அடுத்து பங்கு. உரிமை தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கு வந்ததென்றால் அது அவருடைய தனிச் சொத்து. அதில் மூன்றில் ஒரு பங்கை அம்மா ஆயுள் வரை அனுபவிக்கலாம், மற்றதெல்லாம் பிள்ளைகளுக்கு, அம்மாவுக்குப் பின் அந்த ஒரு பங்கும் அவர்களுக்கே. கல்யாணத்துக்குப் பிறகு வாங்கியதென்றால் கணக்கே வேறு.

அப்புறம் வாரிசுகள் யார் யார் என்று உறுதிமொழியாக எழுதும் வாரிசு பிரமாணப் பத்திரம். குடும்பத்தை நன்றாக அறிந்த, சொத்தில் பங்கில்லாத இரண்டு பேர் நோட்டரி முன் கையெழுத்திட வேண்டும். நிலம் எத்தனை கவுன்டிகளில் இருக்கிறதோ அத்தனையிலும் பதிய வேண்டும். குடும்பத்தில் தகராறோ கடனோ இருந்தால் இதை நம்பாமல் அந்த ஊர் வக்கீலிடம் போங்கள். ஓக்லஹோமா என்றாலும் அப்படித்தான், அங்கே பெரும்பாலும் நீதிமன்றம் வரை போகவேண்டியிருக்கும்.

பதிந்த நகலையும் இறப்புச் சான்றிதழையும் கம்பெனிக்கு அனுப்பினால், உங்களுக்கு எவ்வளவு பங்கு என்று காட்டும் டிவிஷன் ஆர்டர் வரும். அதில் உள்ள தசம எண்ணை நீங்களே போட்டுப் பாருங்கள். 640 ஏக்கர் யூனிட்டில் (கிணற்றுக்காக ஒன்றாகச் சேர்த்த நிலப்பரப்பு) உங்கள் குடும்பத்துக்கு 20 ஏக்கர், ராயல்டி கால் பங்கு என்றால் 20-ஐ 640-ஆல் வகுத்து 0.25-ஆல் பெருக்க 0.0078125 வரும், அம்மாவும் இல்லாமல் மூன்று பிள்ளைகள் என்றால் ஆளுக்கு 0.0026042. வாரிசு தெரியாமல் நிறுத்தி வைத்திருந்த பழைய பணமும் உண்டா என்று கேளுங்கள், சில வருடம் யாரும் கேட்காவிட்டால் அது அரசிடம் போய்விடும். டெக்சாஸ் கம்ப்ட்ரோலர் (மாநில நிதி அதிகாரி) தளத்தில் இலவசமாகத் தேடலாம்.

பத்திரம் பதிந்த கையோடு "உங்கள் உரிமையை வாங்கிக்கொள்கிறோம்" என்று கடிதங்கள் வரும், சிலதில் செக்கே இருக்கும். அந்தச் செக்கைப் பணமாக மாற்றிவிடாதீர்கள். அப்பா இறந்த தேதியில் உரிமையின் மதிப்பு என்ன என்று முதலில் எழுதி வாங்குங்கள், பின்னால் விற்றால் வரிக் கணக்கு அங்கிருந்துதான் தொடங்கும்.