பழைய லேண்ட்லைன் வயரிங்ல இன்டர்நெட் போன் கொடுக்கும்போது பண்ணக்கூடாத தப்புங்க

கடலூர்லயும் பாண்டியிலயும் கொஞ்சம் பழைய வீடுன்னா ஹால்ல ஒரு ரோசட் பாக்ஸ் (போன் வயர் வந்து சேர்ற சுவர் டப்பா), ரூம்ல ஒண்ணு, மாடியில ஒண்ணுன்னு டெலிபோன் வயரிங் இன்னும் அப்படியே கெடக்கும். இப்ப செப்பு லைன் போயி ஃபைபர் வந்துடுச்சு, போன் வர்றது மோடம் பின்னாடி இருக்கற சின்ன போன் போர்ட்ல இருந்துதான். மோடம் மாட்ட வர்ற தம்பி அதுல ஒரு போனை சொருகி டயல் டோன் வருது பாருங்கன்னு காட்டிட்டு கெளம்பிடுவாரு, மாடியில இருக்கற பாட்டிக்கு மணி கேக்காது. அப்புறம் வீட்டுக்காரர் ஸ்க்ரூடிரைவரை கையில எடுப்பாரு, தப்பெல்லாம் அங்கருந்துதான் ஆரம்பம்.

வேலை என்னமோ ஈசிதான். மோடத்தோட போன் போர்ட்ல இருந்து ஒரு ஆர்ஜே11 கேபிளை, அதாவது சாதா போன் பிளக் வச்ச கேபிளை எடுத்து பக்கத்துல இருக்கற சுவர் சாக்கெட்ல சொருகினா போதும், வீட்டுக்குள்ள எல்லா சாக்கெட்டும் பேரலல்ல ஓடறதால மாடி வரைக்கும் டயல் டோன் போயிடும். இன்டர்நெட்டை போன் லைனா மாத்தற அடாப்டர் பாக்ஸ் தனியா வாங்கி வச்சிருக்கறவங்களுக்கும் இதே கதைதான். ஆனா அதை சொருகறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு, முக்கால்வாசி பேர் அதை விட்டுடறாங்க.

கம்பத்துல இருந்து வர்ற வயரை கழட்டணும். அதை கழட்டாம விடறதுதான் பெரிய தப்பு, மத்ததெல்லாம் இதுக்கு அப்புறம்தான். பழைய லைன்ல போன் வச்ச நிலையில எக்ஸ்சேஞ்ச்ல இருந்து 48 வோல்ட் டிசி வரும், மணி அடிக்கறப்ப அதுக்கு மேல 75 வோல்ட் அளவுக்கு ஏசி வரும். உங்க மோடத்தோட போன் போர்ட்டும் இதே மாதிரி தானா வோல்டேஜ் கொடுத்து தானா மணி அடிக்கற சமாச்சாரம், அதாவது அதுவே ஒரு குட்டி எக்ஸ்சேஞ்ச். ஒரே ஜோடி வயர்ல ரெண்டு எக்ஸ்சேஞ்ச் மோதினா தோக்கப்போறது உங்க மோடம்தான், போர்ட் போச்சுன்னா பெட்டியையே மாத்தணும்.

"அட, லைன் செத்து ரொம்ப நாள் ஆச்சு சார், அதுல என்ன வரப்போவுது" அப்டிம்பாங்க. டயல் டோன் இல்லன்னா லைன்ல வோல்டேஜே இல்லன்னு அர்த்தம் இல்ல. அப்படியே ஒண்ணும் இல்லாம இருந்தாலும் அந்த வயர் கம்பம் வரைக்கும் ஆகாயத்துல தொங்கிட்டு இருக்கு, பக்கத்துல இடி விழுந்தா அந்த அதிர்ச்சியை நேரா மோடத்துக்குள்ள கொண்டு வந்து இறக்கும். அதோட மழை. மஞ்சக்குப்பத்துல சொந்தக்காரங்க வீட்டுல ஐப்பசி மழை ஆரம்பிச்சதும் யார் கூப்பிட்டாலும் எங்கேஜ்டு, வெயில் அடிச்சா சரியாயிடும். போனை மாத்தினாங்க, மோடத்தை ரீஸ்டார்ட் பண்ணாங்க, கம்ப்ளெயின்ட் கூட கொடுத்தாங்க. கடைசில பாத்தா சன்ஷேடுக்கு மேல கம்பத்துல இருந்து வர்ற பழைய டிராப் வயர் ஜாயின்ட் ஒண்ணு, டேப் பிரிஞ்சு தண்ணி ஏறி, ரெண்டு செம்பு கம்பியும் பச்சை பூத்து ஒட்டிக்கிட்டு இருக்கு. ரெண்டு கம்பிக்கும் நடுவுல ஈரம் பாஞ்சா கரன்ட் லேசா ஓடும், போர்ட்டுக்கு அது யாரோ ரிசீவரை எடுத்துட்ட மாதிரிதான் தெரியும், அப்புறம் எங்கேஜ்டு வராம என்ன வரும். வெளி வயரை ரெண்டு ஸ்க்ரூ லூஸ் பண்ணி கழட்டினதும் தீந்துச்சு.

கழட்டறதுலயும் கவனம் வேணும். ஹால் ரோசட்தான் லைன் உள்ள வர்ற இடம்னு முடிவு பண்ணிடாதீங்க, பல வீட்டுல முதல் ஜாயின்ட் வராண்டாவுலயோ மாடிப்படி கீழயோ இருக்கும், அங்கருந்துதான் கெளை பிரியும். முன்னாடி கடைக்கு ஒண்ணு வீட்டுக்கு ஒண்ணுன்னு ரெண்டு கனெக்‌ஷன் வச்சிருந்த வீடுன்னா ரெண்டு ஜோடி வரும், ரெண்டையும் பாக்கணும். மல்டிமீட்டரை டிசியில வச்சு, எல்லா போனையும் கழட்டிட்டு, ஏதாவது ஒரு உள் சாக்கெட்ல பாருங்க. 48 கிட்ட காட்டினா இன்னும் எங்கயோ வெளி லைன் சேந்திருக்குன்னு அர்த்தம், ஒண்ணுமே காட்டலன்னா மட்டும் நம்பிடாதீங்க, கண்ணால வயரை புடிச்சு போயி பாத்துடுங்க. மழை, மின்னல் இருக்கறப்ப இந்த வேலை வேணாம். அதோட லைன் உயிரோட இருந்து அந்த நேரம் பாத்து மணி வந்தா கை சுளீர்னு இழுக்கும். கழட்டின வெளி கம்பிங்களை தனித்தனியா டேப் சுத்தி வையுங்க, கம்பத்துப் பக்க வயரை அறுத்து வீச வேணாம், அது கம்பெனி சொத்து. ரோசட் மேல ஸ்கெட்ச்ல "இதை சேக்காதே"ன்னு எழுதி வச்சா நாளைக்கு வர்ற எலக்ட்ரீஷியன் நல்லெண்ணத்துல திருப்பி மாட்டாம இருப்பாரு.

அடுத்தது பழைய பிராட்பேண்ட் காலத்து ஸ்ப்ளிட்டர், லைன், மோடம், போன்னு மூணு ஓட்டை இருக்கற குட்டி டப்பா. ஃபைபர் வந்தப்புறம் அதுக்கு வேலையே இல்ல, எடுத்து போட்டுட்டு வயரை நேரா சேருங்க.

போன் எண்ணிக்கை விஷயத்துலயும் ஆசைப்படக்கூடாது. எக்ஸ்சேஞ்ச் லைன்ல நாலு அஞ்சு போன் மாட்டினாலும் எப்படியோ மணி அடிச்சிடும், மோடம் போர்ட்டுக்கு அவ்வளவு தெம்பு கெடையாது. உள்ள நெஜமான இரும்பு மணி வச்ச பழைய போன் ஒண்ணே நல்லா கரன்ட் இழுக்கும், புது எலக்ட்ரானிக் போனுங்க கம்மியா இழுக்கும். மணி ஈனஸ்வரத்துல கேக்குது, இல்ல பாதி அடிக்கறப்பவே நின்னு போவுதுன்னா வயரிங்கை நோண்டாதீங்க, ஒவ்வொரு போனா கழட்டி பாருங்க, பெரும்பாலும் அந்த பழைய ஆசாமிதான் காரணம். தாத்தா காலத்து சுத்தற டயல் போனை ஆசையா மாட்டறவங்க ஒண்ணு தெரிஞ்சுக்கணும், நெறைய அடாப்டருக்கு அந்த டக்-டக் பல்ஸ் புரியாது, மணி அடிக்கும், எடுத்து பேசலாம், ஆனா நம்பர் போட முடியாது. பாண்டியில இன்னொண்ணு, பிரான்ஸ்ல இருந்து சொந்தக்காரங்க கொண்டு வந்த போன்ல சுவர் பக்க பிளக் டி வடிவத்துல பெருசா இருக்கும், நம்ம சாக்கெட்ல ஏறாது. அதை வெட்டி ஒட்டு போடறத விட, போன் பக்கம் ஆர்ஜே11 இருக்கான்னு பாத்து வயரையே மாத்திடலாம்.

நம்பர் போட்டா போகலன்னு வயரிங் மேல பழி போடறதும் நடக்குது. 2021 ஜனவரி 15ல இருந்து லேண்ட்லைன்ல இருந்து மொபைலுக்கு அடிக்கணும்னா முன்னாடி 0 சேக்கணும். பழைய போன் மெமரியில இருக்கற பத்து டிஜிட் நம்பரை அப்படியே அமுத்தினா போகாதுதான்.

ஆர்ஜே11 பிளக், கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் கேபிள் சொருகற லேன் ஓட்டைக்குள்ளயும் உக்காந்துடும், அதான் வம்பு. உள்ள பின்னு வளைஞ்சு போகலாம், அதோட மோடத்து போன் போர்ட்ல இருந்து வர்ற கேபிளோட மறுமுனையை கம்ப்யூட்டர் லேன்ல சொருகிட்டு அப்ப ஒரு கால் வந்துச்சுன்னா மணி வோல்டேஜ் நேரா லேன் கார்டுக்கு. அதே மாதிரி சுவருக்குள்ள ஓடற போன் வயரை லேன் கேபிளா மாத்தலாமேன்னும் சிலர் கேக்கறாங்க. 100 எம்பி லேனுக்கே ரெண்டு ஜோடி கம்பி வேணும், கிகாபிட்டுக்கு நாலு ஜோடி, நம்ம சுவத்துல இருக்கறது பெரும்பாலும் ஒரு ஜோடி, விட்டுடுங்க.

கரன்ட் விஷயம் நம்ம ஊருக்கு ரொம்ப முக்கியம். பழைய போனுக்கு எக்ஸ்சேஞ்ச் பேட்டரியில இருந்தே உயிர் வந்துச்சு, வீட்டுல கரன்ட் இல்லாட்டியும் பேசலாம். இப்ப மோடம் அணைஞ்சா எல்லா சாக்கெட்டும் ஊமை. 2011 டிசம்பர்ல தானே புயல், 2024 நவம்பர் கடைசில ஃபெஞ்சல் புயல், ரெண்டும் நம்ம தலைமேலதான் கரை ஏறுச்சு, கரன்ட் போனா எப்ப வரும்னு தெரியாம உக்காந்திருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டாங்க. மோடம் இன்வெர்ட்டர் பாயின்ட்ல இருக்கான்னு பாருங்க, இல்லன்னா ரவுட்டருக்குன்னு விக்கற மினி யுபிஎஸ் ஒண்ணு போடுங்க. வாங்கறதுக்கு முன்னாடி மோடம் அடாப்டர் மேல எழுதியிருக்கற வோல்ட், ஆம்பியர் ரெண்டையும் படிங்க, நெறைய பெட்டி 12 வோல்ட், எல்லாமே அப்படி இல்ல. மோடத்துக்கு பேட்டரி போட்டுட்டு கார்ட்லெஸ் போனோட பேஸை சும்மா பிளக்ல விட்டவங்களும் உண்டு, அதுக்கும் கரன்ட் வேணும்ல.

சத்தம், கரகரப்பு வந்தா மொதல்ல ஒரு போனை மோடத்துலயே நேரா சொருகி பேசி பாருங்க. அங்கயும் கரகரன்னா உங்க வயரிங் மேல தப்பில்ல, கம்பெனிக்கு சொல்லுங்க. அங்க சுத்தமா இருந்தா ஒவ்வொரு சாக்கெட்டா தொறந்து பாருங்க, கடல் காத்துல ஸ்க்ரூ துருப்புடிச்சு கம்பி பச்சையாயிருக்கும். கறுத்த முனையை வெட்டிட்டு புதுசா சீவி மாட்டணும், ஜாயின்ட்டுக்கு வெறும் டேப் போடாம லைன்மேன் அண்ணங்க பையில வச்சிருக்கற, உள்ள ஜெல் ரொப்பின குட்டி கனெக்டர் போடுங்க. தேவனாம்பட்டினம், குருசுக்குப்பம் மாதிரி கடலை ஒட்டின வீடுன்னா, தொறந்த சாக்கெட்டெல்லாம் பச்சையா இருந்தா அதோட மல்லுக்கட்டாதீங்க. மோடத்துல ஒரே ஒரு கார்ட்லெஸ் பேஸ், மாடிக்கு அதோட எக்ஸ்ட்ரா ஹேண்ட்செட், சுவர் வயரை அப்படியே விட்டுடலாம். பாண்டி பழைய வீட்டு மொத்தமான சுவருன்னா மட்டும் ஹேண்ட்செட்டை மாடிக்கு எடுத்துட்டு போயி சிக்னல் எட்டுதான்னு பாத்துட்டு கடைக்காரர்கிட்ட பில்லு போட சொல்லுங்க.