லோரிப் பட்டையில் அடித்த வாள்: பிடி போடுமுன் சோதிக்கும் முறை

எஸ்டேட் டவுன் பட்டறையில் பாராங்கோ (காடு வெட்டும் நீளக் கத்தி) முனீஸ்வரர் கோயில் வாளோ அடிக்க, பழைய லோரி ஸ்பிரிங் பட்டை அருமையான இரும்பு. கார்பன் ஏறக்குறைய 0.6% இருக்கும். ஆனால் வருஷக்கணக்கில் சுமை தாங்கிய பட்டைக்குள் கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஒளிந்திருக்கலாம். அதனால் வளைத்துப் பார்ப்பதைக் கடைசிக்கு வையுங்கள்.

1. விரிசல்
அலகைப் பளிச்சென்று தேய்த்து, மண்ணெண்ணெய் தடவி அரை மணி நேரம் விடுங்கள். துடைத்துவிட்டு சாக்பீஸ் பொடி தூவுங்கள். பொடியில் ஈரக்கோடு எழுந்தால் அது விரிசல். அந்த அலகை ஒதுக்கிவிடுங்கள்.

2. அரம்
எண்ணெயில் தோய்ச்சல் போட்டவுடன் (பழுக்கக் காய்ச்சிய அலகை முக்கிக் கடினமாக்கியவுடன்), மறுசூடு காட்டுவதற்கு முன் (முறியாமல் இருக்க மிதமாகச் சூடாக்குவதற்கு முன்), அலகின் வாயில், அதாவது வெட்டும் ஓரத்தில், அரம் போடுங்கள். கண்ணாடியில் ஓடுவதுபோல் வழுக்க வேண்டும்.

அரம் வழுக்காமல் கடித்ததும் "பதம் (கடினம்) ஏறவில்லை" என்று முடிவு கட்டாதீர்கள். நல்ல அலகு பலவும் இந்த இடத்தில்தான் வீணாகின்றன. உலையில் மேல்தோலின் கார்பன் எரிந்துபோய், மெல்லிய மெதுத்தோல் படிந்திருக்கும். அதே இடத்தில் பத்து இழுப்பு இழுங்கள். தோல் போனதும் வழுக்கினால் அலகு நல்லது. அப்போதும் கடித்தால் சூடு போதவில்லை. காந்தம் ஒட்டவில்லை என்றதும் சூடு போதும் என்று நிறுத்தாதீர்கள். காந்தம் ஒட்டாமல் போவது 770 டிகிரி வாக்கில்; தோய்ச்சலுக்கு 830 வரை ஏற வேண்டும்.

நுனி, நடு, அடி மூன்றிலும் பாருங்கள். நீள அலகில் சூடு சமமாக ஏறாது. புது அரம் ஒன்றை இதற்கென்றே வையுங்கள்; தேய்ந்த அரம் எதிலும் வழுக்கும்.

3. பித்தளைக் கம்பி
மறுசூடு காட்டி, வாய் தீட்டியபின், 6 மி.மீ. கம்பியை வைஸில் படுக்கையாகப் பிடித்து, வாயை 15 டிகிரி சாய்த்து அழுத்துங்கள். வாய் லேசாகப் புடைத்து, எடுத்ததும் நேராக வேண்டும். உதிர்ந்தால் கடினம் அதிகம். மறுசூட்டை 20 டிகிரி கூட்டுங்கள். மடங்கியே நின்றால் மெது, மறுபடி தோய்ச்சல்தான்.

4. வெட்டும் வளைவும்
செம்பனை மட்டையை எந்தக் கத்தியும் வெட்டும், அது சோதனையே இல்லை. காய்ந்த மூங்கில் கணுவை வெட்டி, வாயைப் பாருங்கள். பிறகு பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, நுனியை மரக்கட்டையில் ஊன்றி மெல்ல வளைத்து விடுங்கள். நூல் பிடித்தால் அலகு நேராக நிற்க வேண்டும். எல்லாவற்றையும் பட்டறைக்குள்ளேயே முடியுங்கள். வாளோடு சாலையில் நடமாடினால் மலேசியாவின் 1958ஆம் ஆண்டு அபாயகர ஆயுதச் சட்டம் பாயும்.

சேர்க்கை: எல்லாம் தேறிய அலகு, சாணை பிடித்தபின் மடங்குகிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். கிரைண்டரில் வாய் நீலம் பாய்ந்திருக்கும்; 300 டிகிரியில் பதம் இறங்கிவிடும். நீலம் போகுமட்டும் கையால் தேய்த்து, மறுபடி கம்பியில் பாருங்கள். அடுத்த முறை பக்கத்தில் தண்ணீர் வாளி வைத்து, இழுப்புக்கு ஒருமுறை நனையுங்கள்.