சேலம் மனை விலை: ஏற்காட்டில் இடித்த கணக்கு

சேலத்து மனை விலைகளைக் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் புள்ளிகளாக வைத்து, புதிய பேருந்து நிலையத்திலிருந்து உள்ள தூரத்தோடு ஒப்பிட்டேன். அஸ்தம்பட்டி, ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒத்துவந்தது. ஏற்காடு மட்டும் முரண்டு பிடித்தது. காரணம், நேர்கோட்டுத் தூரம். கோடு மலையை ஊடுருவிப் போய்விடும்; நாம் 20 கொண்டை ஊசி வளைவு ஏறியாக வேண்டுமே!

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தின் சாலைக் கோடுகளை இறக்கி, மீட்டரில் அளக்க உதவும் யுடிஎம் ஆயமுறையின் 44 வடக்கு மண்டலத்துக்கு மாற்றி (மேட்டூர் 43-ஆம் மண்டலத்தில் விழும், கவனம்), சாலைவழித் தூரத்தை எடுத்தேன். ஏற்காடு பெரும்பாலும் அடங்கிவிட்டது.

அப்புறம் விலை. பத்திரத்தில் பலர் அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பை ஒட்டியே எழுதுவதால், தரகர்கள் சொன்ன விலையைத் அட்டவணையில் தனி நெடுவரிசையில் வைத்தேன். மிச்சப் பிழையை (தூரத்தை வைத்துக் கணித்த விலைக்கும் உள்ள விலைக்குமான வித்தியாசத்தை) வண்ணமிட்டால் ஏற்காடு ஏரிப் பக்கம் இன்னும் சிவப்புதான், அதாவது பிழை அதிகம். ஏரி தெரியும் மனைக்குத் தூரம் மட்டும் போதாது. அடுத்து உயரத் தரவைச் சேர்க்கிறேன்.