முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு: மடக்குவதற்கு முன்னால் நீட்டுங்கள்

முதலில் அந்தத் தலையணையை எடுங்கள். மாற்று மூட்டு வைத்த முட்டிக்கு அடியில் தலையணை வைத்தால் சுகமாகத்தான் இருக்கும். வீங்கிய மூட்டுக்குள் நீர் தங்க அதிக இடம் கிடைப்பது முட்டி சுமார் 30 டிகிரி மடங்கியிருக்கும்போது. அதனால் கால் தானாகவே அந்த நிலையைத் தேடும். இரவெல்லாம் அப்படியே கிடந்தால் மூட்டின் பின்பக்கச் சவ்வும் தசைகளும் அந்த அளவிலேயே இறுகிவிடும். பிறகு நிற்கும்போதும் முட்டி நிமிராது. தொடைத் தசை ஓய்வில்லாமல் உழைக்கும், நடை நொண்டும், இடுப்பு வலிக்கும், இன்னொரு முட்டியின் மேல் சுமை கூடும்.

பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் எல்லாம் "எவ்வளவு மடங்குது?" என்றுதான் கேட்பார்கள். எவ்வளவு நீள்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. மடக்கம் பல மாதம் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். நீட்டுவதை முதல் ஆறு வாரத்தில் கோட்டைவிட்டால் மீட்பது பெரும்பாடு.

செய்ய வேண்டியது எளிது. ஒரு துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள்; முட்டி அந்தரத்தில் நிற்கட்டும். ஒரு வேளைக்கு 10 நிமிடம், நாளைக்கு மூன்று நான்கு வேளை. அதே நிலையில் தொடையை இறுக்கி, முட்டியைக் கீழ்நோக்கி அழுத்தி, ஐந்து எண்ணும்வரை பிடித்து விடுங்கள்; பத்து முறை. தேறியிருக்கிறதா என்று பார்க்க, துண்டை எடுத்துவிட்டுக் காலை நீட்டி, முட்டிக்கு அடியில் கையை நுழைக்கச் சொல்லுங்கள். உள்ளங்கை தாராளமாகப் போய்வந்தால் இன்னும் வேலை பாக்கி. பஞ்சு மெத்தை குழிந்து ஏமாற்றும். பெஞ்சிலோ பலகைக் கட்டிலிலோ பாருங்கள்.

மடக்குவதில் நடக்கும் தவறு வேறு மாதிரி. வீட்டில் பலசாலி ஒருவர் காலைப் பிடித்து அமுக்குவார். வலி தாங்காமல் தொடைத் தசை விறைக்கும், மறுநாள் முட்டி வீங்கும், வீங்கிய முட்டி முந்தின நாள் மடங்கிய அளவுகூட மடங்காது. உங்கள் காலை நீங்களே மடக்குங்கள். சாக்ஸ் போட்ட குதிகாலுக்கு அடியில் ஒரு ஜவுளிக்கடை பிளாஸ்டிக் பையை விரித்தால் கட்டிலில் வழுக்கிக்கொண்டு வரும். குதிகாலை இடுப்பை நோக்கி இழுத்து, பத்து எண்ணி, திரும்ப நீட்டுங்கள். அடுத்தது நாற்காலியில்: நல்ல காலை ஆபரேஷன் காலின் கணுக்காலுக்கு முன்னால் போட்டு மெதுவாகப் பின்னுக்குத் தள்ளுங்கள். அப்போது அந்தப் பக்கப் புட்டம் நாற்காலியைவிட்டு எழும்பினால் முட்டி மடங்கவில்லை, இடுப்புதான் ஏமாற்றுகிறது.

பொதுவாக இரண்டு வாரத்தில் 90 டிகிரியை நெருங்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் 110 முதல் 120 வரை போதும். சாதாரண நடைக்கு 60, 65 டிகிரி போதும். படி இறங்கவும் நாற்காலியில் இருந்து எழவும் 90க்கு மேல் வேண்டும். ஆபரேஷனுக்கு முன்பே முட்டி இறுகிப்போயிருந்தவருக்குப் பக்கத்து வீட்டுக்காரரின் 125 கிடைக்காமல் போகலாம். அதை வைத்து மருமகளோ மகனோ சண்டை போட வேண்டாம்.

"நடந்தாலே சரியாயிடும்" என்பது இன்னொரு நம்பிக்கை. நடை மடக்கத்தைக் கூட்டாது. முதல் வாரங்களில் அளவு மீறினால் வீக்கத்தைத்தான் கூட்டும். ஏற்காட்டுப் பக்கம் இது நிறைய நடக்கிறது, அங்கே வாசலைத் தாண்டினாலே சரிவு. ஏறுவதைவிட இறங்குவதுதான் முட்டிக்குப் பாரம். வாக்கரோடு வீட்டுக்குள்ளும் திண்ணையிலும் சமதரையில் நடங்கள். பிறகு கைத்தடி, ஆபரேஷன் ஆகாத பக்கத்துக் கையில். படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். மறுநாள் காலையிலும் வீக்கம் வடியாமல் இருந்தால் நேற்றுச் செய்ததில் பாதியைக் குறையுங்கள். வலி மட்டும் இருந்து, இரவுக்குள் அடங்கினால் பயமில்லை.

ஐஸ் வைப்பதில் கவனம் தேவை. முட்டியின் வெளிப்பக்கத் தோலுக்குப் போகும் சிறு நரம்புக் கிளை ஆபரேஷனில் அறுபடுவதால், தழும்பின் அந்தப் பக்கம் மரத்திருக்கும். சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. சேலத்து மே மாத வெயிலில் ஐஸ் இதமாக இருக்கிறது என்று நேராக வைத்தால் தோல் வெந்துபோகும். ஈரத்துணியில் சுற்றி 15, 20 நிமிடம் போதும். வெந்நீர் ஒத்தடம் வேண்டவே வேண்டாம்.

எண்ணெயும் அப்படித்தான். தையல் பிரித்து, பொருக்கு முழுக்க உதிரும்வரை நல்லெண்ணெய், முறிவெண்ணெய், பற்று எதுவும் அந்தப் பக்கம் போகக் கூடாது. உள்ளே இருப்பது உலோகம். அதில் கிருமி ஒட்டினால் மாத்திரையில் மட்டும் தீராது, மறுபடி திறக்க வேண்டிவரும்.

வலி மாத்திரையைச் சட்டென்று நிறுத்துவதும் தவறு. எழுதிக் கொடுத்ததைப் பயிற்சிக்கு அரை முதல் முக்கால் மணி முன்பு போட்டால் உடம்பு ஒத்துழைக்கும். மெடிக்கலில் சொந்தமாகக் கேட்டு வாங்கிப் போடுவது வேறு கதை. சிறுநீரகக் கோளாறு, அல்சர் உள்ளவர்களுக்கு அது ஆபத்து.

தொழில் பற்றி: குழித்தறி நெய்பவருக்குக் குழியில் காலைத் தொங்கவிட்டு உட்காருவதைவிட இறங்கி ஏறுவதுதான் சிக்கல்; பக்கத்தில் உறுதியான பிடி வேண்டும். வெள்ளிக் கொலுசு வேலைக்காரர்கள் சம்மணத்தை விட்டு மேசை உயரத்துக்கு மாறுவதே நல்லது. எப்போது திரும்பலாம் என்பதை டாக்டர் சொல்லட்டும்.

கொண்டை ஊசி வளைவு இருபதையும் தாண்டிச் சேலம் வர வேண்டுமே என்று மலைவாசிகள் பிசியோதெரபியைத் தள்ளிப்போடுவதுண்டு. ஆறு வாரம் ஆகியும் 90 எட்டவில்லை என்றால் வந்தே ஆக வேண்டும். மயக்க மருந்து கொடுத்து முட்டியை மடக்கிவிடும் சிகிச்சை சுமார் 12 வாரத்துக்குள் செய்தால்தான் நன்றாகப் பலிக்கும். அதற்குப் பிறகு உள்தழும்பு கெட்டிப்பட்டுவிடும். காரில் முன்சீட்டைப் பின்னுக்குத் தள்ளி உட்கார்ந்து, வழியெல்லாம் பாதத்தை மேலும் கீழுமாக அசைத்துக்கொண்டே வாருங்கள்.

கெண்டைக்காலில் புதிதாக வலியும் வீக்கமும், காயத்தில் கசிவு, காய்ச்சல், மூச்சுத் திணறல், இவற்றில் எது வந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரி. மூச்சுத் திணறலுக்கு மட்டும் ஒரு நிமிடம்கூடக் காத்திராமல் 108ஐக் கூப்பிடுங்கள்.