நல்லா பல்லு தேச்சும் குழந்தைக்கு ஈறு வீங்குதா? ரத்தத்தையும் செக் பண்ணுங்க

நான் முதல்ல பாத்தது தலையணை உறையில இருந்த சிவப்பு எச்சில் கறையத்தான். அப்ப என் பொண்ணுக்கு மூணரை வயசு. உதட்டைத் தூக்கிப் பாத்தா ஈறு செக்கச்செவேல்னு பல்லைச் சுத்தி கயிறு கட்டின மாதிரி தடிச்சிருக்கு, விரல் பட்டாலே ரத்தம். போன இடமெல்லாம் "நீங்க ஒழுங்கா தேச்சு விடல"ன்னுதான் சொன்னாங்க, நானும் அதை நம்பி ராத்திரியெல்லாம் அவ அழ அழ இன்னும் அழுத்தித் தேச்சேன். அதை நினைச்சா இப்பவும் மனசு கேக்கல. கடைசில வந்த பேரு சைக்ளிக் நியூட்ரோபீனியா. கிட்டத்தட்ட 21 நாளைக்கு ஒரு தடவை நியூட்ரோபில்ங்கிற வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்குப் போயிடும்.

ஈறு ஓரத்துல கிருமிய தடுத்து நிறுத்துறதே இந்த வெள்ளை அணுதான். அது கம்மியா இருந்தாலும் சரி, லாட்-1 (LAD-1)ங்கிற பிறவிக் குறைபாட்டுல மாதிரி ரத்தக்குழாய விட்டு வெளிய வர முடியாம தவிச்சாலும் சரி, மத்த குழந்தைங்களுக்கு ஒண்ணுமே பண்ணாத கொஞ்ச அழுக்குக்கே இவங்களுக்கு பல்லைத் தாங்குற எலும்பு கரைய ஆரம்பிச்சிடும்.

அதனால அடிபடாமலேயே அஞ்சு வயசுக்குள்ள பால் பல்லு ஆடினா, விழுந்தா, "பால் பல்லு தானே"ன்னு விட்டுடாதீங்க. கூடவே மூணு வாரத்துக்கு ஒருக்கா காய்ச்சலும் வாய்ப்புண்ணும் வருதா, பொறந்தப்ப தொப்புள்கொடி விழ ஒரு மாசத்துக்கு மேல ஆச்சா, காயம் சீழே வைக்காம ஆறாமலும் கிடக்கா, உள்ளங்கை உள்ளங்கால் தோல் தடிச்சு உரியுதா, எல்லாத்தையும் டாக்டர்கிட்ட சேத்து சொல்லுங்க. சிபிசிங்கிற ரத்த அணு எண்ணிக்கை டெஸ்ட் எடுக்கும்போது வெள்ளை அணுக்களோட வகைப் பிரிவும் வேணும்னு கேளுங்க, ஏஎன்சி, அதாவது ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்துல இருக்கிற நியூட்ரோபில் எண்ணிக்கை, 1500க்கு கீழன்னா கம்மி, 500க்கு கீழன்னா ரொம்ப ஆபத்து. ஒரு தடவை நார்மல்னு வந்தா நிம்மதியாகிடாதீங்க, சைக்ளிக்கா இருந்தா கவுண்ட் ஏறின நாள்ல எடுத்திருப்பீங்க, ஆறு வாரம் வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை எடுத்தாதான் பிடிபடும்.

இப்ப வீட்டு வேலை. குழந்தை தலைய மடியில வச்சு மல்லாக்கப் படுக்க வைங்க, இடது கைவிரலால உதட்டைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ரொம்ப சாஃப்ட்டான ப்ரஷ்ஷை பல்லும் ஈறும் சேர்ற கோட்டுல சாய்ச்சு வச்சு சின்னச் சின்ன அசைவா தேயுங்க, நம்ம கவனம் அந்தக் கோட்டுல இருக்கணும். ஃப்ளோரைடு பேஸ்ட் மூணு வயசுக்குள்ள அரிசி அளவு, அப்புறம் பட்டாணி அளவு, காலைல ஒருக்கா படுக்கப்போகும்போது ஒருக்கா. ரத்தம் வருதேன்னு நிறுத்துனா அழுக்கு சேந்து இன்னும்தான் வீங்கும், ஆனா ரத்தம் உறைய உதவுற பிளேட்லெட்டும் கம்மியா இருக்கிற குழந்தைன்னா டாக்டரைக் கேட்டுக்கிட்டு செய்யுங்க. புண்ணு இருக்கிற நாள்ல ப்ரஷ்ஷை வெதுவெதுப்பான தண்ணில ஊற வச்சா இன்னும் மெத்துன்னு ஆயிடும், அதுவும் வலிச்சா ஈரத்துணிய விரல்ல சுத்தித் துடைங்க. குளோர்ஹெக்சிடின்ங்கிற கிருமி கொல்ற வாய் மருந்து டாக்டர் சொன்னா மட்டும்தான். துப்பத் தெரியாத குழந்தைக்கு பஞ்சுல தொட்டு ஈறுல தடவிவிடச் சொல்லுவாங்க, பேஸ்ட் போட்டு அரை மணி நேரம் கழிச்சு தடவினாதான் அது வேலை செய்யும். பல்லுல பழுப்புக் கறை பிடிக்கும், பயப்படாதீங்க, கிளீன் பண்ணா போயிடும்.

பல் டாக்டரும் ரத்த டாக்டரும் ஒருத்தர்கிட்ட ஒருத்தர் பேசிக்கணும், இதை நாமதான் விடாம கேட்டு நடத்தணும். கிளீனிங், பல்லு எடுக்கிறது எல்லாமே கவுண்ட் பாத்துட்டு, ஆன்டிபயாட்டிக் வேணுமான்னு முடிவு பண்ணிட்டுத்தான். ஆடுற பல்லை வீட்டுல பிடுங்கவே பிடுங்காதீங்க. நியூட்ரோபில்லைக் கூட்டுற ஜி-சிஎஸ்எஃப் ஊசி போட்டு கவுண்ட் ஏறினாலும் ஈறு தானா சரியாகிடாது, தேய்க்கிறது தொடரணும். கவுண்ட் கம்மியா இருக்கிற குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தா விடியட்டும்னு காத்திருக்காம உடனே ஆஸ்பத்திரி.

நான் வாரா வாரம் ஒரே வெளிச்சத்துல உதட்டைத் தூக்கி ஈறை ஃபோட்டோ எடுத்து, அதோட தேதி, காய்ச்சல், புண்ணு, கவுண்ட் எல்லாம் ஒரு நோட்டுல எழுதி வச்சேன். டாக்டர் அந்த நோட்டை முன்னும் பின்னும் புரட்டிப் பாத்துட்டு, இது பரம்பரையா வரலாம்னு அவ தம்பிக்கும் அப்பா அம்மா எங்க ரெண்டு பேருக்கும் சேத்தே டெஸ்ட் எழுதிக் குடுத்தாரு.