மேசைக் கணினி ஸ்பீக்கர்களுடன் குறைந்த விலை சப்வூஃபரை இணைக்கும் முறை

மேசை மேல் வைக்கும் பவர்டு ஸ்பீக்கர்களில், அதாவது ஒலியைப் பெருக்கும் ஆம்ப் உள்ளேயே இருக்கும் ஸ்பீக்கர்களில், பெரும்பாலும் 3 அல்லது 4 அங்குல வூஃபர்தான் (தாழ்ந்த ஒலியைத் தரும் கூம்பு) இருக்கும். அவ்வளவு சிறிய கூம்பு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே தள்ளும் காற்று மிகக் குறைவு. பேஸ் கித்தாரின் மிகத் தாழ்ந்த கம்பி 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. சிறிய ஸ்பீக்கரில் அந்தக் கம்பியின் மேல்சுரங்களை மட்டும் கேட்டு, அடிச்சுரத்தை நம் மூளை தானாக ஊகித்துக்கொள்கிறது. இருக்கும் ஸ்பீக்கர்களை மாற்றாமல் அந்த அடிச்சுரத்தை உண்மையாகவே கேட்பதற்கு, 8 அங்குல சப்வூஃபர் (மிகத் தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள ஸ்பீக்கர் பெட்டி) ஒன்றைச் சேர்ப்பதுதான் செலவு குறைந்த வழி. என் மேசையில் இதைச் செய்து முடித்த முறையைப் படிப்படியாக எழுதுகிறேன். இதில் சப்வூஃபரின் விலையைவிட, ஒலியை எந்த இடத்திலிருந்து பிரித்து எடுக்கிறோம் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. ஆகவே அந்தப் படிக்கு அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

படி 1: வாங்குவதற்கு முன் ஸ்பீக்கரின் பின்புறத்தைப் பாருங்கள்

ஸ்பீக்கரின் பின்புறம் "சப் அவுட்" என்றோ "லைன் அவுட்" என்றோ ஒரு துளை இருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது. ஒரே குடும்பத்து மாடல்களுக்குள்ளேயே இதில் வேறுபாடு உண்டு: எடிஃபையர் ஆர்1280டிபி மாடலில் சப் அவுட் கிடையாது, ஆர்1280டிபிஎஸ் மாடலில் உண்டு. ஆடியோஎஞ்சின் ஏ2+ மாடலில், வால்யூம் குமிழுக்கேற்ப ஏறி இறங்கும் ஆர்சிஏ (நடுவில் ஊசியும் சுற்றிலும் வளையமும் உள்ள ஆடியோ இணைப்பு) வெளியீடு இருக்கிறது. இன்னும் ஸ்பீக்கரே வாங்காதவர்கள் இத்தகைய வெளியீடு உள்ள மாடலுக்குச் சற்றுக் கூடுதலாகச் செலவிடுவது நல்லது. பின்னால் வரும் தொல்லைகளில் பெரும்பகுதி அதனால் நீங்கிவிடும்.

சப்வூஃபரைத் தேர்ந்தெடுக்கும்போது, உள்ளேயே ஆம்ப் உள்ளதா, இடது வலது என இரண்டு ஆர்சிஏ உள்ளீடுகள் உள்ளனவா, கிராஸ்ஓவர் குமிழும் (எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே சப்வூஃபர் ஒலிக்க வேண்டும் என்று அமைப்பது) ஃபேஸ் சுவிட்சும் (ஒலி அலையைத் தலைகீழாகத் திருப்புவது) உள்ளனவா என்று பாருங்கள். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த பெட்டியாக இருந்தால், பின்புறம் எழுதியுள்ள மின்னழுத்தத்தைப் படிக்காமல் செருகக் கூடாது. 120 வோல்ட்டுக்கு மட்டுமே செய்யப்பட்ட ஆம்ப் நம் 230 வோல்ட்டில் எரிந்துபோகும்.

செலவை மேலும் குறைக்க நினைப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. பழைய 2.1 செட்டின் பேஸ் பெட்டி வேலை செய்கிறதென்றால், அதன் சிறிய ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு, பெட்டியை மட்டும் சப்வூஃபராகப் பயன்படுத்தலாம். ஆம்பும் வடிப்பானும் அதற்குள்ளேயே இருக்கும். கிராஸ்ஓவரை மாற்ற முடியாது என்பது அதன் குறை.

படி 2: இணைப்பு

சப் அவுட் உள்ளவர்கள், ஸ்பீக்கரிலிருந்து சப்வூஃபருக்கு ஷீல்டு உள்ள ஒரு ஆர்சிஏ கேபிளைச் செருகினால் போதும். ஸ்பீக்கரின் வால்யூமைக் கூட்டினால் சப்வூஃபரும் சேர்ந்து கூடும். சில ஸ்பீக்கர்கள் சப் அவுட்டில் தாழ்ந்த ஒலியை மட்டுமே வடித்து அனுப்புகின்றன. அப்படியானால் சப்வூஃபரின் கிராஸ்ஓவர் குமிழை அதன் உச்சத்துக்குத் திருப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒலி இரண்டு முறை வடிகட்டப்பட்டு, இடையே ஒரு பள்ளம் விழும்.

சப் அவுட் இல்லாதவர்கள், ஒலியைக் கணினியின் பச்சை ஜாக்கிலிருந்தே (ஸ்பீக்கருக்கான ஒலி வெளியீடு) இரண்டாகப் பிரிக்க வேண்டும். 3.5 மி.மீ. ஸ்டீரியோ ஒய் கேபிளின் ஒரு கிளையை ஸ்பீக்கருக்கும், மற்றொரு கிளையை 3.5 மி.மீ. ஜாக்கிலிருந்து இரண்டு ஆர்சிஏ முனைகளாகப் பிரியும் கேபிள் வழியாகச் சப்வூஃபரின் இடது வலது உள்ளீடுகளுக்கும் கொண்டுசெல்லுங்கள். இதன்பின் ஸ்பீக்கரின் குமிழை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, வால்யூமைக் கணினியிலேயே கூட்டிக் குறைக்க வேண்டும். ஸ்பீக்கரின் குமிழைத் தொட்டால் ஸ்பீக்கர் மட்டும் மாறும், சப்வூஃபர் மாறாது. இரண்டுக்கும் இடையே நீங்கள் அமைத்த விகிதம் கெட்டுப்போகும். கைக்கெட்டும் குமிழ் வேண்டுமென்றால், கணினிக்கும் ஒய் கேபிளுக்கும் நடுவே தனி வால்யூம் குமிழ் ஒன்றைச் சேர்க்கலாம். மின்சாரம் தேவைப்படாத எளிய வகையே போதும்.

பலரையும் திணறவைக்கும் இடம் இதற்கு அடுத்து வருகிறது. சில மலிவான சப்வூஃபர்களில் ஒரே ஒரு ஆர்சிஏ உள்ளீடுதான் இருக்கும். கையில் இரண்டு முனைகள், எதிரே ஒரு துளை என்றதும், இரண்டை ஒன்றாக்கும் சிறிய ஒய் இணைப்பான் ஒன்றை வாங்கிச் செருகிவிடத் தோன்றும். செருகியவுடன் பேஸ் நன்றாகவே வரும். ஆனால் மேசை மேல் உள்ள ஸ்பீக்கர்களின் ஸ்டீரியோ காணாமற்போயிருக்கும். இடப்பக்கம் ஒலிக்க வேண்டிய வயலினும் வலப்பக்கம் ஒலிக்க வேண்டிய கித்தாரும் நடுவில் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒய் கேபிளின் இரண்டு கிளைகளும் மின்னியல்படி ஒரே கம்பிகள்தாம் என்பதே இதற்குக் காரணம். சப்வூஃபரின் முனையில் இடதையும் வலதையும் ஒன்றாகச் சேர்த்தால், அவை எல்லா முனைகளிலும் சேர்ந்துவிட்டன என்றே பொருள். அதோடு, கணினியின் இடது வலது வெளியீடுகள் ஒன்றையொன்று எதிர்த்துத் தள்ளிக்கொண்டிருக்கும் நிலையும் உருவாகிறது. வெளியீடு ஒன்றை இரண்டாகப் பிரிக்கலாம். இரண்டு வெளியீடுகளை வெறும் கம்பியால் ஒன்றாக்கக் கூடாது.

உங்கள் இணைப்பில் இது நேர்ந்திருக்கிறதா என்று சோதிப்பது எளிது. விண்டோஸின் ஒலி அமைப்பில் ஸ்பீக்கரைச் சோதிக்கும் பகுதிக்குச் சென்று, இடது ஸ்பீக்கரை மட்டும் ஒலிக்கச் செய்யுங்கள். வலது ஸ்பீக்கரிலும் அதே ஒலி வந்தால் கம்பிகள் சேர்ந்திருக்கின்றன.

தீர்வுகள் இரண்டு. இடது முனையை மட்டும் செருகிவிட்டு, வலது முனையை டேப் சுற்றித் தனியே விட்டுவிடுவது முதலாவது. இசைப் பதிவுகளில் ஆழ்ந்த பேஸ் பெரும்பாலும் இரண்டு சேனல்களிலும் சமமாகவே கலக்கப்பட்டிருப்பதால், இழப்பு மிகக் குறைவு. சால்டரிங் பழகியவர்களுக்கு இரண்டாவது வழி: இடது கம்பியில் 1 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றும் வலது கம்பியில் 1 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றும் தொடராக வைத்து, அவற்றுக்கு அப்பால் இரண்டையும் சேர்த்து ஆர்சிஏ முனைக்குக் கொண்டுசெல்வது. சப்வூஃபரின் உள்ளீட்டு மின்தடை 10 கிலோஓம் என்று வைத்துக்கொண்டால், ஒலியில் அரை டெசிபெல் கூடக் குறையாது, ஸ்டீரியோவும் காப்பாற்றப்படும். ரெசிஸ்டர்களும் ஆர்சிஏ முனைகளும் சென்னை ரிச்சி தெருவில் சில்லறை விலையில் கிடைக்கும். இந்த இரண்டாவது வழியே என் விருப்பம்.

மூன்றாவதாக ஒரு முறையும் பேசப்படுவதுண்டு. ஜோடியில் ஆம்ப் இல்லாத ஸ்பீக்கருக்குச் செல்லும் கம்பியிலிருந்து, சப்வூஃபரின் ஸ்பீக்கர் லெவல் உள்ளீட்டுக்கு (ஆம்பிலிருந்து வரும் ஸ்பீக்கர் கம்பியை நேராக ஏற்கும் முனை) இணைப்பு எடுப்பது அது. வால்யூம் குமிழ் ஒழுங்காக வேலை செய்யும் என்பதால் கவர்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் இப்போதைய சிறிய ஸ்பீக்கர்கள் பலவற்றில் பிரிட்ஜ் முறை ஆம்ப் இருக்கிறது. அதில் கறுப்பு முனை கிரவுண்ட் அன்று, அதிலும் ஒலியின் மின்னழுத்தம் ஓடிக்கொண்டிருக்கும். அதைச் சப்வூஃபரின் கிரவுண்டுடன் இணைத்தால் ஆம்ப் பழுதாகலாம். எல்லாவற்றையும் அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிய பின், கறுப்பு முனைக்கும் ஆர்சிஏ துளையின் வெளிவளையத்துக்கும் இடையே மல்டிமீட்டரில் தொடர்ச்சி பாருங்கள். மீட்டர் ஒலிக்காவிட்டால் இந்த முறையைக் கைவிடுங்கள்.

படி 3: ஊம் என்ற இரைச்சல்

இணைப்பு முடிந்து மின்சாரம் கொடுத்தவுடன் தொடர்ந்து ஒரு ஊம் ஒலி கேட்டால், அது பெரும்பாலும் கணினியின் எர்த்தும் சப்வூஃபரின் எர்த்தும் சேர்ந்து உருவாக்கும் கிரவுண்ட் லூப்தான். முதலில் எல்லாப் பிளக்குகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிப் பாருங்கள். பல வீடுகளில் அதோடு சரியாகிவிடும். எர்த் பின்னை வெட்டுவதோ அதன்மேல் டேப் ஒட்டுவதோ உயிருக்கு ஆபத்து, அதை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று விற்கப்படும் சிறிய பெட்டியைச் சப்வூஃபரின் கேபிளில் வைப்பதையும் நான் பரிந்துரைப்பதில்லை. மலிவான பெட்டிகளுக்குள் இருக்கும் குட்டி டிரான்ஸ்ஃபார்மர் தாழ்ந்த அதிர்வெண்களில்தான் முதலில் திணறும். எதற்காகச் சப்வூஃபர் வாங்கினோமோ அதையே அது விழுங்கிவிடும். யுஎஸ்பி வழி இயங்கும் ஐசொலேட்டரும் வெளி டிஏசியும் (கணினியின் டிஜிட்டல் ஒலியை அனலாக் ஒலியாக மாற்றும் பெட்டி) வைத்திருப்பவர்கள், தடுப்பை அந்த யுஎஸ்பி பகுதியிலேயே வைப்பது நல்லது.

படி 4: வைக்கும் இடம்

மேசைக்கு அடியில், கால்களுக்கு ஒரு பக்கமாக, மேசையின் மரத்தையும் கணினிப் பெட்டியையும் தொடாமல், ரப்பர் பாதங்களின் மேல் வையுங்கள். சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ள கணினிக்கு அதிர்வு நல்லதன்று. காதுக்கு அருகில் இருப்பதால் குறைந்த வால்யூமே போதுமானதாக இருக்கும். அடுக்குமாடிக் குடியிருப்பில் கீழ்வீட்டாருக்கு இது பெரிய நிம்மதி. காற்றுத் துளை பின்புறம் இருந்தால் சுவரிலிருந்து ஒரு சாண் இடைவெளி விடுங்கள்.

நம் ஊரில் பரவலான பத்துக்குப் பத்து அடி அறைக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. பத்தடி அகலத்தில் ஒலி சுவருக்குச் சுவர் மோதித் தன்னையே வலுப்படுத்திக்கொள்ளும் முதல் அதிர்வெண் ஏறத்தாழ 56 ஹெர்ட்ஸ். நீளமும் அகலமும் சமம் என்பதால் இரண்டு திசைகளிலும் அதே அதிர்வெண்ணே குவிகிறது. கூரையும் பத்தடி உயரமென்றால் மூன்றாவது திசையும் சேர்ந்துகொள்ளும். சப்வூஃபரை மூலையில் வைத்தால் இந்த ஒரு சுரம் மட்டும் அறை முழுவதும் முழங்கும், மற்ற சுரங்கள் மெலிந்து நிற்கும். மூலையைத் தவிர்த்த பின்னும் முழக்கம் குறையாவிட்டால், ஈக்வலைசர் ஏபிஓ என்னும் இலவச மென்பொருளில் 56 ஹெர்ட்ஸைச் சுற்றிக் குறுகிய பட்டையாக 5, 6 டெசிபெல் குறையுங்கள்.

படி 5: கிராஸ்ஓவர், ஃபேஸ், அளவு

கிராஸ்ஓவரை முதலில் 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். 3 அங்குல ஸ்பீக்கராக இருந்தால் 100 வரை ஏற்றலாம். ஆண் குரல் மேசைக்கு அடியிலிருந்து வருவதுபோல் தோன்றினால் ஏற்றியது அதிகம். பிறகு ஆடாசிட்டி என்னும் ஒலி மென்பொருளில் 80 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை உருவாக்கி ஓடவிட்டு, நீங்கள் வழக்கமாக அமரும் இடத்தில் இருந்தபடி ஃபேஸ் சுவிட்சை வேறொருவரை மாற்றச் சொல்லுங்கள். எந்த நிலையில் ஒலி பலமாகக் கேட்கிறதோ அதுவே சரியான நிலை. மற்ற நிலையில் ஸ்பீக்கரும் சப்வூஃபரும் ஒன்றையொன்று ஓரளவு அழித்துக்கொள்கின்றன.

அளவுக் குமிழைக் கடைசியில் தொடுங்கள். பூஜ்யத்தில் தொடங்கி, நன்கு பழகிய பாடல் ஒன்றைக் கேட்டுக்கொண்டே மெல்ல ஏற்றி, பேஸ் எங்கிருந்து வருகிறது என்று காது கண்டுபிடிக்கும் இடத்துக்குச் சற்று முன்பே நிறுத்துங்கள். மிருதங்கத்தின் தொப்பி விழும்போது வலந்தலையுடன் அது ஒரே வாத்தியமாகக் கேட்க வேண்டும். கைப்பேசிச் செயலியால் ஒலியின் அளவை அளப்பவர்கள், ஏ என்ற எடையிடலை (எந்த அதிர்வெண்ணை எவ்வளவு கணக்கில் எடுப்பது என்ற அமைப்பு) விட்டுச் சி என்ற எடையிடலைத் தேர்ந்தெடுங்கள். ஏ எடையிடல் 63 ஹெர்ட்ஸை 26 டெசிபெல் குறைத்துக் காட்டும்; அதை நம்பிக் குமிழை ஏற்றினால் வீடே அதிரும்.

பிற்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

கைப்பேசியிலிருந்து புளூடூத் வழியாகப் பாடும்போது சப்வூஃபர் ஊமையாக இருப்பதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். கணினியின் ஜாக்கில் பிரித்தவர்களுக்கு அது இயல்பு. புளூடூத் ஒலி நேராக ஸ்பீக்கருக்குள் போய்விடுவதால் ஒய் கேபிளுக்கு எதுவும் வருவதில்லை. கைப்பேசியைக் கணினியுடன் புளூடூத்தில் இணைத்துக் கணினி வழியாக ஒலிக்கச் செய்யலாம், அல்லது தனி புளூடூத் ரிசீவர் ஒன்றை வாங்கி ஒய் கேபிளுக்கு முன்னால் வைக்கலாம்.

மதர்போர்டின் ஆரஞ்சு ஜாக்கில் சப்வூஃபரைச் செருகியும் பாட்டில் ஒலி வரவில்லை என்பது அடுத்த கேள்வி. அந்த ஜாக், 5.1 (ஐந்து ஸ்பீக்கர்களும் ஒரு சப்வூஃபரும்) ஒலித்தடத்தின் நடு ஸ்பீக்கருக்கும் சப்வூஃபருக்கும் உரியது. ஸ்டீரியோ பாடலில் அப்படியொரு தடமே கிடையாது. விண்டோஸில் 5.1 அமைப்பைத் தேர்ந்தெடுத்து, ஒலி இயக்கி தரும் பேஸ் மேனேஜ்மென்ட் வசதியை இயக்கினால்தான் தாழ்ந்த ஒலி அங்கே திருப்பி அனுப்பப்படும். எல்லா இயக்கிகளிலும் அந்த வசதி இருப்பதில்லை. அது இல்லாதவர்கள் பச்சை ஜாக்கையே பிரித்துக்கொள்வது நல்லது.

மெதுவான வால்யூமில் கேட்கும்போது சப்வூஃபர் தானாக அணைந்துவிடுகிறது என்பவர்கள், அதன் பின்புறச் சுவிட்சை "ஆட்டோ" நிலையிலிருந்து "ஆன்" நிலைக்கு மாற்றுங்கள். அப்படி ஒரு சுவிட்ச் இல்லாத பெட்டியில், சப்வூஃபரின் அளவுக் குமிழைக் குறைத்துவிட்டுக் கணினியின் வால்யூமை ஏற்றுங்கள். ஸ்பீக்கரின் குமிழையும் அதே அளவுக்குக் குறைத்தால் விகிதம் மாறாது, சப்வூஃபரை விழித்திருக்கச் செய்யப் போதுமான மின்குறியும் கிடைத்துவிடும்.