நந்தினிக்காக வாதாடுவது எப்படி

சன் டிவியின் 'எதிர்நீச்சல்' சீரியல் 2024 ஜூன் 8-ஆம் தேதியோடு முடிந்தது. ஆனாலும் பெங்களூரில், அலசூரிலோ ராமமூர்த்தி நகரிலோ நாலு தமிழ்க் குடும்பம் ஒன்றாக உட்கார்ந்தால் அந்த மதுரை வீட்டுப் பேச்சு எப்படியாவது வந்துவிடுகிறது. வீட்டையே மிரட்டி ஆளும் மூத்த அண்ணன் குணசேகரனின் "ஏம்மா ஏய்"யைச் சொல்லிப் பார்த்து ரசிக்கிறார்கள். எதிர்த்து நிற்கும் கடைசி மருமகள் ஜனனியைப் பாராட்டுகிறார்கள், மூத்த மருமகள் ஈஸ்வரிக்காக உச்சுக்கொட்டுகிறார்கள். நந்தினி பெயர் வந்தால் மட்டும் "அது வாயாடி, எப்பப் பார்த்தாலும் புலம்பிக்கிட்டே இருக்கும்" என்று ஒரே வரியில் கதையை முடித்துவிடுகிறார்கள்.

ஹரிப்பிரியா இசை நடித்த அந்த மூன்றாவது மருமகளுக்கு இது பெரிய அநியாயம். அதைச் சபையில் எடுத்துச் சொல்ல நினைப்பவர்களுக்கு இந்த வழிமுறை. பொங்கல் விழாவில் எட்டு நிமிடம் பேசினாலும், குடியிருப்புச் சங்கத்தின் தமிழ்க் கையேட்டுக்கு ஒரு பக்கம் எழுதினாலும் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். வேறு சீரியலில் வேறு பாத்திரம் உங்களுக்குப் பிடித்திருந்தாலும் இதே முறை செல்லும்.

முதலில் குற்றச்சாட்டை எழுதுங்கள்

பாராட்டில் ஆரம்பிப்பதுதான் பலரும் செய்யும் தவறு. "நந்தினி மாதிரி வெள்ளை மனசு யாருக்கு வரும்" என்று தொடங்கினால், கேட்பவர் மனதில் இருக்கும் குறை அப்படியே இருக்கும். நீங்கள் பேசப் பேச அது கெட்டிப்படும். ஆகவே ஒரு தாளை எடுத்து, எதிராளி சொல்வதை அவர் வாயில் வருகிற மாதிரியே எழுதிக்கொள்ளுங்கள். நந்தினி விஷயத்தில் மூன்றுதான் திரும்பத் திரும்ப வரும்: வாய் ஓயாது, அடுக்களையில் வீரம் பேசிவிட்டு புருஷன் கதிர் முன்னால் அடங்கிப்போவாள், சிரிப்புக்காகச் செருகிய, கதைக்குத் தேவையில்லாத பாத்திரம்.

இதில் இரண்டாவதுதான் கனமானது. அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் மற்ற இரண்டும் தானாக இளகிவிடும். ஆகவே அதற்கு நேரத்தைத் தாராளமாகக் கொடுங்கள்.

எவ்வளவு பார்க்க வேண்டும்

மொத்தம் 744 எபிசோட். ஒன்றுக்கு இருபது நிமிடம் என்று வைத்தாலும் ஏறக்குறைய 250 மணி நேரம். அத்தனையும் மறுபடி பார்க்க யாராலும் ஆகாது, பார்க்கவும் வேண்டாம். சன் நெக்ஸ்ட் செயலியில் 24 எபிசோட் எடுத்துக்கொண்டால் போதும், எட்டு மணி நேரத்தில் முடியும். ஆரம்பத்திலிருந்து எட்டு, நடுவிலிருந்து எட்டு, கடைசிப் பகுதியிலிருந்து எட்டு. பிடித்த காட்சி வந்த நாட்களாகப் பார்த்துப் பொறுக்காதீர்கள். ஒவ்வொரு பகுதியிலும் அடுத்தடுத்து வரும் எட்டு நாட்களை அப்படியே எடுங்கள். நல்ல நாட்களை மட்டும் பொறுக்கியதை எதிராளி கண்டுபிடித்துவிட்டால் உங்கள் பேச்சு அங்கேயே படுத்துவிடும்.

நடுப்பகுதியைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு தேதியை மனதில் வையுங்கள். குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8-ஆம் தேதி காலமானார். பிறகு அந்த வேடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். இது வெறும் ஆள் மாற்றமாக நிற்கவில்லை. நந்தினியின் பேச்சு முழுவதும் கூடத்தில் இருக்கும் அந்தக் குரலை அளந்து அளந்து வருவது. அந்தக் குரலின் தாளம் மாறியதும் அவள் பேச்சின் தாளமும் மாறுகிறது. முன்னால் உள்ளதையும் பின்னால் உள்ளதையும் ஒரே ஆதாரமாகக் கலக்காமல், குறிப்பேட்டில் இரண்டு நிற மையில் எழுதுங்கள்.

2024 டிசம்பர் 23-ல் தொடங்கிய இரண்டாம் பாகமான 'எதிர்நீச்சல் தொடர்கிறது' தனிக் கணக்கு. அதையும் சேர்த்தால் "அது வேற நந்தினி" என்று ஒருவர் சொன்னதும் பேச்சு திசை மாறிவிடும். பெங்களூரில் இன்னொரு சிக்கலும் உண்டு. இதே கதை கன்னடத்திலும் மறுஆக்கமாக வந்ததால், பக்கத்து வீட்டு அக்கா அந்தக் காட்சியை நினைவில் வைத்துக்கொண்டு உங்களோடு சண்டைக்கு வருவார். "நான் பேசுவது தமிழில் வந்ததைப் பற்றி மட்டும்" என்று முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள்.

குறிப்பேடு

சாதாரணக் கோடு போட்ட நோட்டுப் போதும். ஒரு காட்சிக்கு அரைப் பக்கம். எழுத வேண்டியவை: எபிசோட் எண், எத்தனையாவது நிமிடம், எந்த அறை, கூட யார் இருக்கிறார்கள், கூடத்தில் யார் இருக்கிறார்கள், அவள் கை என்ன செய்துகொண்டிருக்கிறது, என்ன சொன்னாள், அது யார் காதில் விழுந்தது, அதன்பின் என்ன ஆயிற்று.

'கை' என்ற அந்த வரியை விட்டுவிடாதீர்கள். நந்தினி சும்மா நின்று பேசுவது அபூர்வம். நறுக்கிக்கொண்டோ கிளறிக்கொண்டோ பாத்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டோதான் பேசுவாள். இதை இருபது காட்சியில் வரிசையாக எழுதிப் பார்த்தால், வாயாடி என்ற குற்றச்சாட்டுக்குப் பதில் உங்கள் நோட்டிலேயே எழுந்து நிற்கும். வேலை நிற்காமல் பேசுகிறவளை அந்த வீட்டில் யாரும் "பேசிக்கிட்டே இருக்கா" என்று பிடிக்க முடியாது. கை ஓடிக்கொண்டிருப்பதால்தான் வாய் பிழைக்கிறது.

அடுத்து 'யார் காதில் விழுந்தது'. மாதிரிக்கு ஒரு காட்சியின் குறிப்பு இப்படி இருக்க வேண்டும்: "அடுக்களை. கூட இருப்பவர்கள் மூத்த மருமகள்கள் ஈஸ்வரி, ரேணுகா. கூடத்தில் மாமனார் ஸ்தானத்தில் குணசேகரன், பக்கத்தில் மாமியார் விசாலாட்சி. கை: வெங்காயம். நக்கல் ரேணுகாவுக்குக் கேட்கும் அளவு, கூடத்துக்குக் கேட்காத அளவு. காலடிச் சத்தம் வந்ததும் பாதி வாக்கியத்தில் நிறுத்தி, வெங்காயத்தைப் பற்றிப் பேச்சை மாற்றுகிறாள்." இப்படிப் பத்துக் குறிப்புச் சேர்ந்தால் உங்கள் வாதம் தயார். நேராகப் பேசினால் கை ஓங்கும் வீட்டில், பக்கவாட்டில் பேசத் தெரிந்தவள் அவள். ஜனனி வருவதற்கு முன்பே அந்த அடுக்களையில் எதிர்ப்பு என்று ஒன்று உயிரோடு இருந்தது என்றால், அது பெரும்பாலும் நந்தினியின் முணுமுணுப்பில்தான் இருந்தது. மற்ற இரண்டு அக்காக்களும் பேசாமல் விழுங்கியதை அவள் வேடிக்கையாக மாற்றி வெளியே கொண்டுவந்தாள். அவர்கள் சிரிக்கும் அந்த இரண்டு விநாடியைக் கட்டாயம் குறித்துவையுங்கள். அந்த வீட்டில் பெண்கள் சிரிக்கும் இடம் வேறு அதிகம் கிடையாது.

குறிப்பெடுக்கும்போது எங்கே தவறும்

எபிசோடின் முதல் ஓரிரு நிமிடம் முந்தைய நாளின் கடைசிக் காட்சி. அதை மறுபடி எண்ணினால் ஒரே வசனம் இரண்டாகிவிடும். ப்ரோமோவை ஆதாரமாக எடுக்கவே கூடாது. கதிர் கை ஓங்கும் துண்டையும் நந்தினி அழும் துண்டையும் ஒட்டி ப்ரோமோ போடுவார்கள். எபிசோடில் இரண்டுக்கும் நடுவே ஒரு காட்சி முழுக்க இருக்கும். கைபேசியில் சுற்றும் அரை நிமிடத் துண்டுகளும் அப்படித்தான். நந்தினியின் நக்கலை மட்டும் வெட்டி, அதற்கு முன்னால் அவளை என்ன பேசினார்கள் என்பதை விட்டுவிடுவார்கள். அவளுக்கு வாயாடிப் பெயர் வந்ததில் இந்த வெட்டலுக்குப் பெரிய பங்கு உண்டு. எந்தக் காட்சியாக இருந்தாலும் அதற்கு முந்தைய மூன்று நிமிடத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

எழுத்தின் குறையையும் பாத்திரத்தின் குணத்தையும் பிரித்துப் பாருங்கள். வாரத்துக்கு ஆறு நாள் ஓட வேண்டிய கதையில், ஒரே நக்கல் ஒரே வாரத்தில் மூன்று தடவை வருவது நடக்கும். அது நேரத்தை நிரப்ப நீட்டிய இடம். அதை நந்தினியின் சாதுரியம் என்று தாங்கிப் பிடிக்க வேண்டாம். "ஆமாம், இங்கே இழுத்துவிட்டார்கள்" என்று ஒத்துக்கொண்டு நகருங்கள். ஒத்துக்கொள்ளும் இடம் பேச்சில் ஒன்றோ இரண்டோ இருந்தே ஆக வேண்டும். குணசேகரன் பக்கம் நிற்கும் கரிகாலனை அவள் ஓட்டுவது சில நாட்களில் எல்லை தாண்டுகிறது என்று யாராவது சொன்னால், உங்கள் நோட்டில் அப்படி ஒரு நாள் இருந்தால், மறுக்காதீர்கள்.

குரலைப் பற்றி எழுதும்போதும் கவனம் தேவை. தமிழ் சீரியலில் நடிப்பவர் ஒருவர், டப்பிங் குரல் வேறொருவர் என்பது சகஜம். உறுதி செய்யாமல் "என்ன குரல் வளம்" என்று நடிகைக்குக் கொடுத்துவிடக் கூடாது. கண்ணில் தெரிவதை எழுதுங்கள்: தோளைக் குறுக்குவது, கூடத்துப் பக்கம் ஓடும் பார்வை, சேலைத் தலைப்பில் கை துடைப்பது.

கனமான கேள்விக்குப் பதில்

"அடுக்களையில் வாய் கிழியுது, புருஷன் முன்னால பூனை ஆயிடுறா" என்பதற்கு இரண்டு படி.

முதல் படி, விலையைச் சொல்வது. அவளுக்குத் தாரா என்ற மகள் இருக்கிறாள். கதிரின் கோபம் எங்கே போய் முடியும் என்று அவளுக்கு அனுபவத்தில் தெரியும். கையில் தனக்கென்று வருமானம் கிடையாது. இந்த மூன்றையும் சொல்லிவிட்டு, கதிர் இருக்கும் அறையில் அவள் அடங்கிய ஒரு காட்சியைக் குழந்தை எங்கே நிற்கிறாள் என்பதோடு சேர்த்து விவரியுங்கள். கேட்பவர் கண் குழந்தை மேல் போய்விட்டால் 'பூனை' என்ற சொல் மறுபடி வராது.

இரண்டாவது படி, நகர்வைக் காட்டுவது. ஆரம்ப எட்டு, நடு எட்டு, கடைசி எட்டு என்று எடுத்தது இதற்காகத்தான். முதல் பகுதியில் அவள் பேச்சு அடுக்களையைத் தாண்டவில்லை. நடுவில் படிக்கட்டு வரை வருகிறது. பிறகு கூடத்துக்கே வருகிறது. எந்த அறையில் என்ன பேசினாள் என்று வரிசையாகச் சொன்னாலே போதும், நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் நோட்டில் இந்த வரிசை அங்கங்கே பின்னால் போயிருந்தால் அதையும் சொல்லுங்கள். பயந்தவர்கள் நேர்கோட்டில் தைரியமாவதில்லை.

இங்கே ஒரு குழி இருக்கிறது. பிற்பகுதியில் கதிர் மனம் மாறுகிறான். "அவள் பொறுமைதான் அவனைத் திருத்தியது" என்று அதை நந்தினி கணக்கில் எழுத ஆசை வரும். எழுதாதீர்கள். அப்படிச் சொன்ன மறுநிமிடமே, அடி வாங்கிக்கொண்டு காத்திருப்பதுதான் நல்ல மனைவிக்கு அழகு என்று நீங்களே சொன்னதாக ஆகிவிடும். நந்தினியின் நியாயம் கதிர் திருந்தினாலும் திருந்தாவிட்டாலும் நிற்க வேண்டும்.

கேட்பவர் யார் என்று பார்த்து

எட்டு நிமிடத்துக்கு ஏறக்குறைய 800 சொல். குற்றச்சாட்டுக்கு ஒரு நிமிடம், அடுக்களைக் காட்சிகளுக்கு மூன்று, கதிர் விஷயத்துக்கு மூன்று, சமையலை அவள் சம்பாத்தியமாக்கப் பார்க்கும் காட்சிக்கு ஒன்று. அடுக்களைக் காட்சி மூன்றுக்கு மேல் வேண்டாம். நோட்டில் நிறைய இருக்கும், விட மனசு வராது. ஆனாலும் மூன்றுதான்.

பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் கூட்டத்தில் இருந்தால், மதுரைப் பேச்சை அப்படியே விட்டுவிட்டுப் போகாதீர்கள். "வையிறாரு" என்றால் அவர்களில் பாதிப் பேருக்கு எதையோ எங்கேயோ வைப்பதாகத்தான் தோன்றும். திட்டுவது என்று ஒரு சொல்லில் சொல்லிவிட்டு மேலே போங்கள். "அங்கிட்டு இங்கிட்டு" விளக்கமில்லாமலே புரிந்துவிடும். வட்டாரப் பேச்சை மிமிக்ரி மாதிரி இழுத்துச் சொன்னால் சிரிப்பு வரும், வாதம் போய்விடும்.

வயதானவர்கள் விசாலாட்சி பக்கம் நிற்பார்கள். அவர்களிடம் மாமியாரைக் குறை சொல்லி ஜெயிக்க முடியாது. அடுப்படி வேலையை எண்ணிக் காட்டுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு எத்தனை வேளை சமைக்கிறாள் என்பது அவர்கள் பட்ட பாடு, உடனே இறங்கி வருவார்கள். வேலைக்குப் போகும் இளம் பெண்கள் "ஏன் கிளம்பிப் போகல?" என்றுதான் கேட்பார்கள். அவர்களுக்காகத்தான் அந்தக் கடைசி நிமிடம். எந்த அடுக்களையில் அவளை அடைத்தார்களோ அந்தச் சமையலையே சம்பாத்தியமாக்கப் பார்க்கிறாள் அல்லவா, அந்தக் காட்சியைக் கடைசியில் வையுங்கள். அதை முன்னாலேயே சொல்லிவிட்டால் கதை வெற்றிக் கதையாகி, முணுமுணுத்த நாட்களெல்லாம் வீணான நாட்களாகத் தெரியும். மூன்று அடுக்களைக் காட்சியும் கேட்டு முடித்தவருக்கு, அவள் கையில் கரண்டி இருப்பதே வேறு மாதிரித் தெரியும்.

பேசி முடித்ததும் நீங்கள் சொன்ன காட்சிகளின் எபிசோட் எண்ணையும் நிமிடத்தையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி, யார் அதிகம் மறுத்தாரோ அவரிடமே கொடுங்கள்.